பசித்த முகமும் கலைஞரின் கடனும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில், சமுதாயத்துக்குக் கலைஞர் ஆற்றவேண்டிய அறக்கடமையையும் ஆன்மிகக் கடமையையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. பொதுப்படையாகப் பேசினால் ஒரு மணி நேரத்தை நல்ல வார்த்தைகளால் நிரப்பிவிடலாம். கேட்டவர் மனத்தில் ஒன்றும் தங்காது. அதனால் ஒரே ஒரு காலத்தையும் ஒரே நிலப்பரப்பையும் எடுத்துக்கொள்கிறேன். 1943ஆம் ஆண்டு, வங்காளம், பஞ்சம். அந்தப் பஞ்சத்தின் நடுவில் கையில் தூரிகையோ கேமராவோ நாடகப் பிரதியோ வைத்திருந்த சிலர் என்ன செய்தார்கள், பார்த்ததெல்லாம் பிற்பாடு அவர்களை என்ன செய்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கலைஞரின் பொறுப்பு என்றதும் நமக்கு ரசிகர் நினைவுக்கு வருகிறார். மக்களுக்கு நல்லதைச் சொல்லவேண்டும், சமுதாயத்தைத் திருத்தவேண்டும் என்கிறோம். அதற்கு முந்திய கடன் ஒன்று இருக்கிறது. எந்த மனிதரைப் பார்த்து வரைந்தாரோ, எந்த மனிதரின் துயரத்தை எடுத்து எழுதினாரோ, அவருக்குப் பட்ட கடன் அது. அதைத் தீர்க்க நினைக்காதவர் ரசிகருக்கு எவ்வளவு நல்லது செய்தாலும் கணக்கு நேராகாது.

அந்தப் பஞ்சம் எப்படி வந்தது என்று முதலில் சொல்லவேண்டும். காரணம் தெரியாமல் படங்களைப் பார்த்தால், ஏதோ மழை பொய்த்துவிட்டது, பாவம் செத்தார்கள் என்று தோன்றும். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று; பர்மா அரிசி நின்றது. ஜப்பானியர் கடல் வழியாக வங்காளத்தில் இறங்கினால் அவர்கள் கைக்கு எதுவும் அகப்படக்கூடாது என்று கரையோர மாவட்டங்களிலிருந்து ஆங்கில அரசு நெல்லை அகற்றியது. பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளைப் பறித்தது, உடைத்தது. 40,000க்கும் அதிகமான படகுகள் இப்படிப் போயின. ஆறும் கால்வாயும்தான் அங்கே சாலை. படகு போனதும் மீனவருக்குத் தொழில் போயிற்று. குயவருக்குப் பானையைச் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லை. அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி மிட்னாபூர் மாவட்டக் கரையைப் புயலும் கடல்பெருக்கும் அடித்தன. சுமார் 14,500 பேர் அன்றே மாண்டார்கள். மாடுகள் லட்சத்துக்கு மேல். வயலில் உப்புநீர் நின்றது. தப்பிய பயிரைப் பூஞ்சை நோய் தின்றது. போர்க்காலத்தில் பணம் பெருகி விலை ஏறியது, வியாபாரிகள் பதுக்கினார்கள், பக்கத்து மாகாணங்கள் அரிசியை வெளியே விட மறுத்தன, கப்பல் கேட்டபோது லண்டன் கைவிரித்தது.

அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட பஞ்ச ஆராய்ச்சி நூலில் இதைத்தான் அலசினார். தானியம் அறவே இல்லாமல் போனதால் வந்த சாவு இது என்று சொல்வதற்கில்லை. இருந்த தானியத்தை வாங்கும் சக்தி ஒரு பகுதி மக்களிடமிருந்து பறிபோயிற்று என்று காட்டினார். முதலில் விழுந்தவர்கள் நிலமில்லாத விவசாயக் கூலிகள், மீனவர்கள், கைவினைஞர்கள். அரசு அமைத்த விசாரணைக் குழு 15 லட்சம் பேர் இறந்ததாகச் சொன்னது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் 30 லட்சம் வரை கணக்கிடுகிறார்கள்.

நாட்டுப்புறத்திலிருந்து கல்கத்தாவுக்கு நடந்துவந்தவர்கள் வீட்டு வாசல்களில் நின்று சோறு கேட்கவில்லை. சோறு கேட்டால் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். வடிகஞ்சி கேட்டார்கள். சோற்றை வடித்துச் சாக்கடையில் ஊற்றும் அந்தக் கஞ்சித் தண்ணீரைத் தரச் சொல்லிக் கெஞ்சிய குரல், அந்த ஆண்டைப் பற்றி எழுதிய அத்தனை பேர் எழுத்திலும் கேட்கிறது. நெல்லை விளைவித்த சாதியார், நெல்லைக் குத்திய பெண்கள், வடிகஞ்சிக்குக் கையேந்தினார்கள். இதை நான் பத்து முறை படித்தாலும் பதினோராம் முறையும் நெஞ்சு அடைக்கிறது.

போர்க்காலச் சட்டம் பத்திரிகைகளின் வாயைக் கட்டியிருந்தது. பஞ்சம் என்ற சொல்லையே அரசு ஏற்கவில்லை. கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை ஆங்கிலேயர் நடத்தியது. அதன் ஆசிரியர் ஐயன் ஸ்டீபன்ஸ். எழுதத்தான் தடை, புகைப்படத்தைப் பற்றிச் சட்டத்தில் தெளிவாக இல்லை என்று கண்டுபிடித்தார். 1943 ஆகஸ்டு 22ஆம் தேதி தெருவில் கிடந்தவர்களின் படங்களை அச்சிட்டார். அந்தப் படங்கள் டெல்லிக்கும் லண்டனுக்கும் போயின. அதன் பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் அவர் ஒரு பத்திரிகையாசிரியர். நான் பேச வந்தது வேறொருவரைப் பற்றி.

சித்தப்ரசாத். 1915இல் பிறந்தவர். முழுப்பெயர் சித்தப்ரசாத் பட்டாச்சார்யா. பட்டாச்சார்யா என்பது பிராமணப் பட்டம். சாதியை ஒப்பாமல் அதை வெட்டி எறிந்துவிட்டு வெறும் சித்தப்ரசாத் ஆனார். ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றவர் அல்லர். சிட்டகாங் கல்லூரியில் படிக்கும்போதே கம்யூனிஸ்டு இயக்கத்துக்கு வந்து, சுவரொட்டி வரைந்து, பாட்டு எழுதி, கிராமங்களில் அலைந்தவர். 1943 நவம்பரில் கட்சிப் பத்திரிகைக்காக மிட்னாபூர் மாவட்டத்துக்குப் போனார். புயலடித்து ஓராண்டு ஆகியிருந்தது. பெரும்பகுதியை நடந்தே கடந்தார். கையில் காகிதமும் மையும்.

அங்கே அவர் செய்ததைக் கவனியுங்கள். உட்கார்ந்து வரைந்தார், அத்தோடு பேச்சும் கொடுத்தார். உங்கள் பெயர் என்ன, எந்த ஊர், என்ன தொழில், நிலம் யாரிடம் போயிற்று, என்ன விலைக்குப் போயிற்று, வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், இப்போது எத்தனை பேர் என்று கேட்டார். கேட்டதைப் படத்தின் கீழே எழுதினார். எலும்பு துருத்திய ஒரு முதுகை வரைந்தால் அது வெறும் முதுகாக நின்றுவிடாது. இன்ன ஊர் உழவர், இன்னாருடைய மகன் என்று அந்த முதுகுக்கு உரியவர் வந்துவிடுவார். கோடுகளும் அப்படித்தான். கறுப்பு மை, அழுத்தமான கோடு. உடம்பு எவ்வளவு வற்றியிருந்தாலும் கண்ணைத் தவறவிடமாட்டார். படத்தில் இருப்பவர் நம்மைப் பார்க்கிறார். பசியால் மெலிந்த உடம்பை வரைவது கஷ்டமே இல்லை. உடற்கூறு தெரிந்த எவரும் வரையலாம். அந்த உடம்புக்குள் இன்னும் ஓர் ஆள் இருக்கிறார், அவருக்கு வெட்கம் இருக்கிறது, கோபம் இருக்கிறது என்று தெரியும்படி வரைவதற்கு வரைபவரிடம் வேறொன்று வேண்டும். ஆன்மிகம் என்று நீங்கள் தலைப்பில் வைத்தது அதைத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பயணத்தின் குறிப்புகளையும் இருபத்திரண்டு ஓவியங்களையும் சேர்த்து 'பசித்த வங்காளம்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 5,000 படிகள் அச்சாயின. ஆங்கில அரசு அவற்றைக் கைப்பற்றிக் கொளுத்தியது. வெறும் கோட்டோவியம், அதில் ஆளுக்கு ஒரு பெயரும் ஊரும். அதற்கு ஏன் அத்தனை பயம்? எண்ணிக்கையை மறுக்கலாம், குறைத்துச் சொல்லலாம், விசாரணைக் குழு போட்டுத் தள்ளிவைக்கலாம். பெயரையும் ஊரையும் முகத்தையும் மறுக்கமுடியாது. சித்தப்ரசாத்தின் குடும்பத்தார் ஒரு படியை வங்கிப் பெட்டகத்தில் வைத்துக் காத்தார்கள். 2011இல் டெல்லி ஆர்ட் கேலரி அதை அப்படியே மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. கொளுத்தியவர்களின் ஆட்சி போய் அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து அந்த உழவர்களின் பெயர்கள் திரும்பி வந்தன.

இதன் எதிர்ப்பக்கத்தையும் பார்க்கவேண்டும். அது நம் மண்ணிலேயே நடந்தது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் நம் வீடுகளில் பாட்டிகளின் பேச்சில் வெகுகாலம் இருந்தது. அப்போது சென்னை ராணுவத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற அதிகாரி இருந்தார்; புகைப்படக் கலையில் தேர்ந்தவர். பஞ்சத்தில் அடிபட்டவர்களைக் குழுக்குழுவாக உட்காரவைத்து, விலா எலும்பு தெரியும்படி நிறுத்திப் படம் எடுத்தார். அந்தப் படங்களை இன்றும் நூல்களில் பார்க்கிறோம். ஒருவருக்கும் பெயர் இல்லை. குடும்பப் படம் எடுப்பதுபோல் வரிசையாக அடுக்கியிருக்கிறார். எடுத்த பிறகு அவர்களுக்குச் சோறு போட்டாரா, மருந்து கொடுத்தாரா என்ற கேள்வி அப்போதே எழுந்து, அவர் கண்டனத்துக்கு ஆளானார். பத்தாண்டு கழித்து அதே மனிதர் பர்மாவில், மாண்டலேயில், கைதிகளைச் சுட்டுக்கொல்லும் கணத்தைப் படம்பிடிக்கக் கேமராவைத் தயாராக வைத்திருந்தார் என்று விசாரணை நடந்தது, கண்டிக்கப்பட்டார். அவருடைய படங்கள் தொழில்நுட்பத்தில் குறைந்தவை அல்ல. வரலாற்றுக்கு அவை சான்று என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேமராவுக்கு முன்னால் இருந்தவர் அவருக்கு ஒரு பொருள். தாது வருஷத்தில் படத்துக்கு உட்கார்ந்த அந்தத் தாயும் குழந்தைகளும் யார் என்று இன்று நமக்குச் சொல்ல எவரும் இல்லை. நம் முன்னோரில் ஒருவராகவும் இருக்கலாம். நூற்றைம்பது ஆண்டுகளாக அந்தக் கடன் நிலுவையில் நிற்கிறது.

வங்காளப் பஞ்சத்தை வரைந்த இன்னொருவர் ஜைனுல் ஆபிதீன்; அவர் கதை கொஞ்சம் வேறு. கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் அவர் ஆசிரியர். வயது முப்பதுகூட ஆகவில்லை. அவர் கிராமத்தைத் தேடிப் போகவில்லை. கிராமம் அவர் தெருவுக்கு வந்து விழுந்தது. போர்க்காலத்தில் நல்ல காகிதம் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வாங்கமுடியாத விலை. பொட்டலம் கட்டும் மலிவான தாளை எடுத்தார். கரியிலிருந்து மை செய்துகொண்டார். உலர்ந்த தூரிகையால் சில இழுப்புகள், அவ்வளவுதான். குப்பைத் தொட்டியருகே தாயும் பிள்ளையும், பக்கத்தில் நாய், மேலே காக்கை. பின்னணி என்று ஒன்றும் கிடையாது. அந்த வெறுந்தாளின் பழுப்பு நிறமே வெயிலாகவும் தெருவாகவும் நிற்கிறது. வண்ணமும் கித்தானும் கொண்டு இதை வரைந்திருந்தால் பொய்யாகப் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பசித்தவரை வரைய எதை எடுப்பது என்பதும் அறம் சார்ந்த தேர்வுதான்.

1947க்குப் பிறகு அவர் டாக்காவுக்குப் போய் 1948இல் அங்கே ஓவியக் கல்லூரியைத் தொடங்கினார். நாடே போற்றும் ஆசிரியர் ஆனார். 1970 நவம்பரில் கிழக்கு வங்கக் கடற்கரையைப் பெரும்புயல் அழித்தது. அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது கடந்துவிட்டது. எந்தப் பெயரும் இனிமேல் சம்பாதிக்கவேண்டியதில்லை. ஆனாலும் மன்புரா தீவுக்குப் போனார். பிணங்களைப் பார்த்தார். திரும்பி வந்து சுமார் 30 அடி நீளச் சுருளில் அதை வரைந்தார். 1943இல் பட்ட கடனை அவர் முடிந்துபோனதாக நினைக்கவில்லை.

சாந்திநிகேதனில் ஓவியர் நந்தலால் போஸ் பஞ்ச ஆண்டான 1943இல் அன்னபூரணியை வரைந்தார். அவள் முன்னால் கையேந்தி ஆடும் சிவன், எலும்புக்கூடாக. புராணத்தில் உள்ளதுதான், ஆனால் 1943இல் அந்த எலும்புக்கூடு யார் என்று வங்காளத்தில் எவருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. பசித்தவர் வடிவில் வாசலில் நிற்பது கடவுள் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. வடலூரில் 1867இல் சத்திய தருமசாலையின் அடுப்பை மூட்டிய வள்ளலார் ஆயிரக்கணக்கில் பாடல் எழுதிய கவிஞர். பசி தீர்ப்பதை ஆன்மிகத்தின் முன்வாசலாக வைத்தவர். பாடலையும் அடுப்பையும் அவர் தனித்தனியாகப் பார்க்கவில்லை. அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. கலைஞரின் ஆன்மிகப் பொறுப்பு என்று யாராவது என்னிடம் கேட்டால், தியானம், தரிசனம் என்று தொடங்குவதற்கு முன்னால் அந்த அடுப்பைத்தான் காட்டுவேன்.

கலை நேராகவே சோறாக மாறிய இடமும் இந்தக் கதையில் உண்டு. 1943 மே மாதம் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம் தொடங்கியது. வங்காளத்திலிருந்து பினய் ராய் தலைமையில் பாடகர் குழு ஒன்று மாகாணம் மாகாணமாகப் போய்ப் பாடி, ஆடி, பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டியது. 1944 அக்டோபரில் கல்கத்தாவில் பிஜன் பட்டாச்சார்யா எழுதிய 'நபான்ன' நாடகம் மேடையேறியது. புத்தரிசி என்பது தலைப்பின் பொருள். எழுதியவரும் சம்பு மித்ராவும் சேர்ந்து இயக்கினார்கள். கதாநாயகன், கதாநாயகி, ஜோடனை செய்த மேடை என்றிருந்த வங்காள நாடகத்தில் கந்தல் உடுத்த ஓர் உழவர் குடும்பம் நடுவில் வந்து நின்றது. சாக்குத் துணிதான் பின்திரை. நகரத்தில் ஒரு பக்கம் திருமண விருந்து, மறுபக்கம் எச்சில் இலைத் தொட்டி என்று காட்டினார்கள். பார்க்க வந்த மத்தியதர வகுப்பினர் தங்கள் வீட்டு வாசலில் கேட்டு மறந்த அந்த வடிகஞ்சிக் குரலை மேடையிலிருந்து கேட்டார்கள். நிவாரண நிதிக்கு அந்த நாடகமும் உழைத்தது.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். நியாயமானதும்கூட. கலையை ஒரு கட்சிக்கோ காரியத்துக்கோ ஒப்படைத்துவிட்டால் அது கொடிபிடிக்கும் வேலைக்காரனாகிவிடாதா? இந்தக் கலைஞர்கள் பலரும் கம்யூனிஸ்டு கட்சியின் நிழலில் இருந்தவர்கள்தானே? ஆமாம். பி.சி. ஜோஷி பொதுச்செயலாளராக இருந்த நாளில் அவர் சுனில் ஜானா என்ற இளம் புகைப்படக்காரரையும் சித்தப்ரசாத்தையும் ஊர் ஊராகக் கூட்டிப்போனார். கட்சி இல்லையென்றால் அந்தப் பயணங்கள் நடந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் 1948இல் ஜோஷி தலைமையிலிருந்து இறக்கப்பட்டு, கட்சியின் போக்கு மாறியது. சித்தப்ரசாத் மெல்ல விலகினார். விலகியவர் அழகழகான நிலக்காட்சி வரையப் போய்விடவில்லை. பம்பாயின் அந்தேரியில் ஓர் எளிய இருப்பிடத்தில் வறுமையிலேயே இருந்து, லினோலியத்தில் செதுக்கி அச்செடுத்த படங்களில் உழைக்கும் சிறுவர்களை வரைந்தார். செருப்புத் துடைக்கும் பையன், தம்பியை இடுப்பில் சுமக்கும் சிறுமி. ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியத்தின் டென்மார்க் குழு அவற்றை 1969இல் நூலாக்கியது. பொம்மலாட்டம் கற்று, பொம்மைகளைத் தானே செய்து, சேரிக் குழந்தைகளுக்கு ஆட்டிக் காட்டினார். 1978இல் மறைந்தார். கட்சியைவிட்டு வந்த பிறகும் அவர் விடாமல் வைத்திருந்தது எதுவோ, அதுதான் அவருடைய சொந்தப் பொறுப்பு. எவரும் சுமத்தாதது, எவராலும் இறக்கிவைக்க முடியாதது. கட்டளைக்குக் கீழ்ப்படிவதைப் பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. கட்டளை இல்லாதபோதும் எது நம்மை விடாதோ அதைச் சொல்கிறேன்.

சோமநாத் ஹோரைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் நிதானமாகப் போகவேண்டும். 1921இல் பிறந்த சிட்டகாங்காரர். பஞ்சத்தின்போது இளைஞர். சித்தப்ரசாத்தான் அவரைப் பசித்தவர்களிடையே அழைத்துப்போய், பார், வரை என்று தூண்டினார். பிறகு கல்கத்தா ஓவியப் பள்ளியில் சேர்ந்தபோது ஜைனுல் ஆபிதீன் அங்கே ஆசிரியர். ஆக, அந்தக் கடன் இந்த இருவரிடமிருந்தும் அவருக்கு வந்து சேர்ந்தது. 1946இல் வட வங்காளத்தில் குத்தகை உழவர்கள் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டுப் போராடியபோது அங்கே போய் நாட்குறிப்பு எழுதினார், வரைந்தார். பிறகு புகழ்பெற்ற அச்சோவியர் ஆனார், சாந்திநிகேதனில் ஆசிரியராக அமர்ந்தார். வசதியான கலைவாழ்க்கைக்கு வேண்டிய எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைப்போம்.

எழுபதுகளில் அவர் 'காயங்கள்' என்று ஒரு வரிசை செய்தார். களிமண் தகட்டைக் கத்தியால் கீறி, குத்தி, சூடுவைத்து, அதிலிருந்து சிமெண்டு அச்சு எடுத்து, அந்த அச்சில் காகிதக் கூழை அழுத்தி எடுப்பார். வெள்ளைத் தாளில் வெள்ளைக் காயம். மனித உருவமே கிடையாது. மை கிடையாது. சில இடங்களில் மட்டும் லேசான சிவப்பு. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் தெரியும். தோலில் தையல் போட்ட வடுப்போல. முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் பார்த்த உடம்புகள் எல்லாம் கரைந்து, வடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதைப் பிரச்சாரம் என்று எவரும் சொல்லமுடியாது. அரூபம் என்று சொல்லித் தள்ளவும் முடியாது. பஞ்சம் தெரியாமல் பார்த்தாலும் வலிக்கிறது. தெரிந்து பார்த்தால் அந்த வலிக்கு ஊர் இருக்கிறது. வியட்நாம் மக்களின் போராட்டத்தை நினைத்துத் தாயும் சேயுமாக ஒரு பெரிய வெண்கலச் சிற்பம் செய்தார். 1977இல் அது முடிந்த உடனேயே சாந்திநிகேதனின் கலாபவன வளாகத்திலிருந்து திருட்டுப் போயிற்று, கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகும் 2006இல் மறையும்வரை மெலிந்த உடல்களையே வெண்கலத்தில் வார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துயரத்தை ஒருமுறை படமாக்கிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிற நம் காலத்தில், இந்த விடாப்பிடி எனக்குப் பெரிய பாடமாக இருக்கிறது.

இனி, இந்தக் கேள்வியை நம்மிடமே திருப்பிய ஒரு படைப்புக்கு வருகிறேன். மிருணாள் சென் 1980இல் எடுத்த 'அகாலேர் சந்தானே'. பஞ்சத்தைத் தேடி என்று பொருள். 1943 பஞ்சத்தைப் பற்றிப் படம் எடுக்க ஒரு சினிமாக் குழு கல்கத்தாவிலிருந்து ஒரு கிராமத்துக்கு வருகிறது. நல்ல நோக்கம், நல்ல மனிதர்கள். ஸ்மிதா பாட்டீல் ஸ்மிதா பாட்டீலாகவே வருகிறார். குழுவுக்குச் சாப்பாடு வேண்டுமே. சந்தையில் காயும் மீனும் முட்டையும் மொத்தமாக வாங்குகிறார்கள். விலை ஏறுகிறது. ஊர்க்காரருக்குக் கிடைக்கவில்லை. பஞ்சத்தைப் படம் எடுக்க வந்த பாபுக்கள் பஞ்சத்தையே கொண்டுவந்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு எழுகிறது. ஓய்வுநேரத்தில் குழுவினர் பழைய பஞ்சப் புகைப்படங்களை வைத்து, இது எந்த வருஷத்துப் பஞ்சம் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு ஆடுகிறார்கள். பட்டினியால் உடம்பை விற்கும் பெண் பாத்திரத்துக்கு உள்ளூர்ப் பெண்ணைத் தேடும்போது ஊர் கொதிக்கிறது. அந்தக் கதை அவர்களுக்குக் கதை இல்லை. அவர்கள் வீட்டில் நடந்தது, மறைத்துவைத்திருப்பது. இன்னொரு பக்கம் துர்கா என்ற ஏழைப் பெண் படப்பிடிப்பைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். நடிகை நடிக்கும் பஞ்சம் அவளுக்கு இன்றைய பொழுது. கடைசியில் குழு மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குத் திரும்புகிறது. துர்கா அங்கேயே இருக்கிறாள்.

இந்தப் படத்துக்கு பெர்லினில் வெள்ளிக்கரடி கிடைத்தது. அதைவிட முக்கியமாக நான் நினைப்பது, ஒரு கலைஞர் தன் நல்லெண்ணத்தையே நிறுத்தி விசாரித்தார் என்பது. மிருணாள் சென் 1960இலேயே பஞ்சத்தை வைத்து ஒரு படம் எடுத்தவர். இருபது ஆண்டு கழித்து, நாங்கள் எடுத்ததெல்லாம் யாருக்காக, எவர் செலவில் என்று கேட்கிறார். பசியைப் பற்றிய கலையும் பசித்தவரிடமிருந்துதான் எடுக்கிறது. எடுப்பதைத் தவிர்க்கமுடியாது, எடுக்கிறோம் என்ற உணர்வு வேண்டும், திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற பதைப்பு வேண்டும். அந்தப் பதைப்பு இல்லாத படைப்பு எத்தனை விருது வாங்கினாலும் நான் அதை அறமுள்ளது என்று சொல்லமாட்டேன்.

மாணவர்களே, இது உங்களுக்கு 1943ஐவிட நெருக்கமான கேள்வி. அன்று சித்தப்ரசாத் நடந்து போய்ச் சேரவேண்டியிருந்தது. இன்று எல்லார் கையிலும் கேமரா. 2004 சுனாமியில் நம் கரையோர ஊர்களில் வரிசையாகக் கிடத்திய குழந்தைகளைப் படம் எடுத்தார்கள். 2009இல் ஈழப் போரின்போது வன்னிக் கரையிலிருந்து வந்த படங்களை நாம் எல்லாரும் அறிவோம். அவை வராமல் இருந்திருந்தால் சாட்சியே இருந்திருக்காது. எடுத்தவர்கள் உயிரைக் கொடுத்து எடுத்தார்கள், அவர்களை வணங்குகிறேன். ஆனால் அதே படங்களை, ஆடை கலைந்த பெண்களின் உடல்களை, சுவரொட்டியிலும் மேடைப் பின்னணியிலும் மறுபடி மறுபடி போட்டவர்களை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெண்ணின் தாய் எங்கோ உயிரோடு இருக்கலாம், இந்தச் சுவரைக் கடந்து போகலாம் என்று ஒரு கணம் யோசித்தார்களா? நோக்கம் உயர்ந்தது என்பதால் முகத்துக்குரியவரிடம் கேட்காமல் முகத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை வந்துவிடாது.

எல்லாரும் பசியைத்தான் வரையவேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூவை வரையலாம், யானையை வரையலாம், காதலை எழுதலாம், ராகத்தில் கரையலாம். அதுவும் மனிதருக்கு வேண்டும். சித்தப்ரசாத் குழந்தைகளுக்கு ஆட்டிய பொம்மைகளும் வேண்டித்தான் இருந்தன. ஆனால் இன்னொரு மனிதரின் துயரத்தைத் தொட்டுவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் உங்கள் விருப்பப்படி எழுந்துபோக முடியாது.

இந்தத் துறையில் ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் மீனவக் குப்பங்களிலும் செங்கல் சூளைகளிலும் கல் குவாரிகளிலும் ஆவணப்படம் எடுக்கிறார்கள் என்று துறைத் தலைவர் சொன்னார். மகிழ்ச்சி. அவர்களிடமும், அறக்கட்டளையை நடத்தும் பெரியவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. படத்தில் வருகிறவர் சம்மதித்தால் அவர் பெயரையும் ஊரையும் அவர் சொல்லும்படியே போடுங்கள். வேண்டாம் என்றால் அவர் முகத்தையும் விட்டுவிடுங்கள். படம் முடிந்ததும் இந்த அரங்கத்துக்கோ திரைப்பட விழாவுக்கோ அனுப்புவதற்கு முன்னால், எந்தச் சூளையில் எடுத்தீர்களோ அங்கே ஒரு திரையைக் கட்டி அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். இது சரியில்லை, எடுத்துவிடு என்று அவர்கள் சொன்னால் எடுத்துவிடுங்கள். அந்தப் பயணத்துக்கும் திரைக்கும் ஆகும் செலவை அறக்கட்டளை ஏற்றுக்கொள்ளட்டும். இன்று எனக்கு அளிக்கும் மதிப்பூதியத்தை அதற்கு முதல் தொகையாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.